நரம்பா, நாளமா? இரண்டு பக்கமும் உறவு வைத்திருக்கும் நியூரோபிலின்-1

கரிசல்மண்

போன வாரம் அம்மாவுக்கு சலைன் ஏற்ற வேண்டியிருந்தது. செவிலியர் இரண்டு கைகளையும் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "நரம்பே கிடைக்கவில்லை" என்றார். நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுப்பவன். நரம்பு வேறு, சிரை என்ற இரத்தக்குழாய் வேறு என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவன். அந்த நேரத்தில் பாடம் நடத்தினால் அம்மாவே திட்டுவார் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தால், நாம் எல்லோருமே அப்படித்தான் பேசுகிறோம். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான் என்கிறோம், புடைப்பது சிரை. காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது என்கிறோம், அதுவும் சிரை. இதைப் பற்றி ஒரு மாணவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். நியூரோபிலின்-1 என்ற ஏற்பி, அதாவது செல்லின் மேல் நின்று வெளியிலிருந்து வரும் செய்தியைப் பிடிக்கும் புரதம். நரம்பு இழைகளின் மேலும் இருக்கிறது, இரத்தக்குழாய்ச் செல்களின் மேலும் இருக்கிறது, நோயெதிர்ப்புச் செல்களின் மேலும் இருக்கிறது. "சார், இதுவும் நம்மைப் போலத்தான் நரம்பையும் நாளத்தையும் குழப்பிக்கொள்கிறதா?" என்று கேட்டாள். பதில் தெரியவில்லை.

ஒரே ஏற்பி நரம்பிழையை விரட்டுகிறது, இரத்தக்குழாயை வளர்க்கிறது என்று படத்தில் போட்டிருக்கிறது. அதெப்படி? துறை சார்ந்தவர்கள் விளக்கினால் அந்தப் பெண்ணுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன்.

வெண்தந்துகி

இரத்தக்குழாய் வளர்ச்சிதான் என் ஆய்வுத்துறை. எலிக்கருக்களோடு பத்து வருடப் பழக்கம். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

இந்தக் கதை நரம்பில்தான் தொடங்கியது. ஜப்பானில் ஹாஜிமே ஃபுஜிசாவாவின் குழு, தவளையின் தலைப்பிரட்டைகளில் கண் நரம்பு மூளைக்குள் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. மூளையின் பார்வைப் பகுதியில் குறிப்பிட்ட அடுக்குகளை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடிகளைத் தயாரித்து 1987இல் அறிவித்தார்கள். அதில் ஒன்று ஏ5. அது பிடித்துக்கொண்ட புரதத்தின் மரபணு வரிசை 1991இல் கிடைத்தது. நரம்பிழைகள் பின்னிக் கிடக்கும் பகுதிக்கு நியூரோபில் என்று பெயர். அதிலிருந்து புரதத்துக்கு நியூரோபிலின் என்று பெயர் வந்தது. வேலை என்ன என்று மட்டும் தெரியாது. பல வருடங்கள் அது முகவரி இருந்தும் தொழில் தெரியாத ஆள்.

இன்னொரு பக்கம், பென்சில்வேனியாவில் ஜொனாதன் ரேப்பரின் ஆய்வகம் கோழி மூளையிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து 1993இல் வெளியிட்டது. வளரும் நரம்பிழையின் நுனி விரித்த கை மாதிரி இருக்கும். அந்தப் புரதம் பட்டவுடன் அது சுருங்கிப் பின்வாங்கும். இப்போது அதற்கு செமாஃபோரின் 3ஏ என்று பெயர். ரயில் பாதையில் நிற்கும் கைகாட்டி மரத்தின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. "இந்தப் பக்கம் வராதே" என்று கை காட்டுகிற புரதம்.

அந்தக் கைகாட்டியைப் பார்க்கும் கண் எது? 1997இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகத் தேடி ஒரே விடையில் வந்து நின்றன: நியூரோபிலின்-1.

மறுவருடமே திருப்பம். பாஸ்டனில் மைக்கேல் கிளாக்ஸ்பிரனின் ஆய்வகத்தில் ஷே சோக்கர் முற்றிலும் வேறு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். இரத்தக்குழாய்களை வளரச் செய்யும் காரணியான விஇஜிஎஃப், சில புற்றுநோய்ச் செல்களின் மேல் தெரியாத ஏதோ ஒன்றில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து வரிசைப்படுத்திப் பார்த்தால், நரம்பியல்காரர்கள் ஏற்கனவே பெயர் வைத்துவிட்ட அதே நியூரோபிலின்-1. இரத்தக்குழாயைத் தேடிப் போனவர் கையில் நரம்பு கிடைத்தது. உங்கள் செவிலியருக்கு நேர்ந்ததன் நேர் எதிர்.

மாடக்குளம்

நான் பொறியாளன், உயிரியல் பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் ஒரே மூலக்கூறு நரம்பு, இரத்தம், எதிர்ப்புச் சக்தி எல்லாம் பார்க்கும் என்றால் எனக்குச் சந்தையில் பாம்புக்கும் கீரிக்கும் நடுவே வைத்து விற்கும் சர்வரோக நிவாரணிதான் நினைவுக்கு வருகிறது. எல்லா இடத்திலும் இருக்கிறது என்பதற்காக எல்லா இடத்திலும் வேலை செய்கிறது என்று ஆகிவிடுமா? எங்கள் தளத்தில் எல்லா இயந்திரத்திலும் ஒரே அளவு திருகாணிதான் இருக்கும். அதனால் திருகாணிதான் இயந்திரத்தை ஓட்டுகிறது என்று யாரும் சொல்வதில்லை.

வெண்தந்துகி

சந்தேகம் நியாயமானது. திருகாணி என்று நீங்கள் கேலியாகச் சொன்னது பாதி உண்மையும்கூட.

மனித நியூரோபிலின்-1இல் மொத்தம் 923 அமினோ அமிலங்கள். பெரும்பகுதி செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் வால் வெறும் 44. வழக்கமான ஏற்பிகளின் உட்பகுதியில், செய்தி வந்தவுடன் அடுத்த புரதத்துக்கு பாஸ்பேட்டை மாட்டிவிடும் நொதிப்பகுதி இருக்கும். இதில் அப்படி ஒன்றுமில்லை. 2011இல் அந்த வாலை மட்டும் நீக்கிய எலிகளை லண்டனில் வளர்த்துப் பார்த்தார்கள். எலிகள் பிழைத்துக்கொண்டன. விழித்திரையில் தமனியும் சிரையும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போகும் இடங்கள்தான் அதிகமாகத் தெரிந்தன.

ஆனால் புரதத்தையே முழுதாக நீக்கினால் கதை வேறு. கரு பிறக்கவே பிறக்காது. கருக்காலத்தின் நடுவிலேயே இறந்துவிடும். முகத்துக்கும் கைகால்களுக்கும் போகும் நரம்பிழைகள் கட்டவிழ்ந்த துடைப்பம் போலச் சிதறிக் கிடக்கும். இரத்தக்குழாய்களும் பழுது.

ஆக அது தானாகப் பேசாது, ஆனால் அது இல்லாமல் பேச்சு நடக்காது. நரம்பிழையில் அதன் பக்கத்தில் நிற்பது பிளெக்சின் என்ற புரதம். செமாஃபோரினை நியூரோபிலின் பிடித்துக்கொடுக்க, பிளெக்சின் உள்ளே சொல்லி நுனியைச் சுருங்கவைக்கும். இரத்தக்குழாய்ச் செல்லில் பக்கத்தில் நிற்பது விஇஜிஎஃப் ஏற்பி-2. அது உள்ளே சொல்லும் செய்தி "வளர், நகர்" என்பது. விரட்டுவதும் வளர்ப்பதும் பக்கத்தில் நிற்கும் ஆளின் வேலை.

கரிசல்மண்

ஐயோ, இது எங்கள் ஊர் மாட்டுச் சந்தைத் தரகர்! துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விற்பவர் கையையும் வாங்குபவர் கையையும் சேர்த்துவைத்து விரலால் விலை பேசுவார். மாடும் அவருடையது அல்ல, பணமும் அவருடையது அல்ல. ஆனால் அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டால் பேரம் முறிந்துவிடும். நாளைக்கு வகுப்பில் இதைத்தான் சொல்லப் போகிறேன்.

வெண்தந்துகி

சொல்லுங்கள், ஆனால் முழுதாகச் சொல்லுங்கள். தரகர் உவமை நரம்புக்கு அழகாகப் பொருந்தும். இரத்தக்குழாயில் இடிக்கும். என் துறையிலேயே பலர் இன்னும் பழைய படத்தைத்தான் வகுப்பில் காட்டுகிறார்கள்; அதனால்தான் இந்த உரையாடலில் இவ்வளவு எழுதுகிறேன்.

செங்குவா கூ என்ற ஆய்வாளர் 2003இல் ஒரு நுட்பமான வேலை செய்தார். நியூரோபிலின்-1ஐ நீக்காமல், செமாஃபோரினைப் பிடிக்கும் பகுதியை மட்டும் கெடுத்தார். அந்த எலிகள் கருக்காலம் முழுவதும் தாக்குப்பிடித்துப் பிறந்தன. நரம்பு கெட்டிருந்தது, இரத்தக்குழாய்கள் நன்றாக இருந்தன. இரத்தக்குழாய்ச் செல்களில் மட்டும் புரதத்தை முழுதாக நீக்கியபோது குழாய்கள் கெட்டன. எல்லோரும் என்ன முடிவுக்கு வருவார்கள்? நரம்புக்கு செமாஃபோரின், குழாய்க்கு விஇஜிஎஃப். கணக்கு நேராகிவிட்டது. பாடநூல் படங்களும் அப்படியே வந்தன.

ஆனால் விஇஜிஎஃப் பிடியை மட்டும் கெடுத்துப் பார்க்கும் சோதனையை அப்போது யாரும் செய்யவில்லை. 2014இல்தான் அது நடந்தது, இரண்டு இடங்களில். ஒன்று லண்டன். இன்னொன்று ஹார்வர்டில் செங்குவா கூவின் சொந்த ஆய்வகம். தன் பழைய கணக்கின் மிச்சத்தைத் தானே போட்டுப் பார்த்தார். புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றி விஇஜிஎஃப் ஒட்டாமல் செய்தார்கள். கருவில் இரத்தக்குழாய்கள் வளர்ந்தன. எலிகள் பிறந்தன. பிறந்த பிறகு விழித்திரையில் குழாய் வளர்ச்சி குறைந்தது என்று லண்டன் குழு கண்டது, அவ்வளவுதான்.

அதாவது நியூரோபிலின்-1 இல்லாவிட்டால் கருவின் குழாய்கள் கெடும். ஆனால் அதற்கு முக்கியக் காரணம் விஇஜிஎஃபைப் பிடிக்காதது அல்ல. செல்கள் வெளியே இருக்கும் ஃபைப்ரோனெக்டின் இழைகளைப் பற்றிக்கொண்டு நகர்வதற்கு நியூரோபிலின் உதவுகிறது என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. விஇஜிஎஃப் ஏற்பி-2 செல்பரப்பில் போதிய அளவு நிற்பதற்கும் அது தேவைப்படுகிறது. உங்கள் தரகர் விலை பேசவில்லை என்றாலும், சந்தையில் கயிறு பிடிக்கவும் மாட்டை நிறுத்திவைக்கவும் அவர்தான் வேண்டியிருக்கிறது.

மாடக்குளம்

ஆக திருகாணிதான்.

வெண்தந்துகி

பேசத் தெரிந்த திருகாணி. இதற்குப் பதில் சொல்லுங்கள்: எலிக்கருவின் பின்மூளையில், முகத்தசைகளை இயக்கப்போகும் நரம்புச் செல் ஒன்று இருக்கிறது. அதன் உடல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர வேண்டும். இழை வெளியே போய் முகத்தை அடைய வேண்டும். உடல் சரியாக நகர்வதற்கு விஇஜிஎஃப் தேவை. இழை வழி தவறாமல் போவதற்கு செமாஃபோரின் 3ஏ தேவை. இரண்டுக்கும் நியூரோபிலின்-1 வேண்டும். 2004இல் வந்த வேலை இது. ஒரே செல்லில், ஒரே ஏற்பியை, உடல் ஒரு செய்திக்கும் இழை இன்னொரு செய்திக்கும் வைத்துக்கொள்கின்றன. எந்தத் திருகாணி இதைச் செய்யும்?

யாழ்நரம்பு

ஓய்வுபெற்ற தமிழாசிரியன். அறிவியலுக்குள் நுழையவில்லை; ஒரு சொல்லுக்காக மட்டும் வருகிறேன். மாணவி குழப்பம் என்றாள் அல்லவா? தமிழில் அது குழப்பம் அன்று. நரம்பு என்றால் நீண்டு, மெலிந்து, விறைப்பாக ஓடுவது. யாழில் கட்டியதும் நரம்பு, இலையில் ஓடுவதும் நரம்பு, முதியவர் புறங்கையில் எழுந்து நிற்பதும் நரம்பு. சொல் வடிவத்தைப் பார்த்து வைத்தது, வேலையைப் பார்த்து வைத்ததன்று. உணர்வைக் கடத்துவதற்கு மட்டும் அதை ஒதுக்கியவர்கள் பாடநூல்காரர்கள். செவிலியர் பிழையாகச் சொல்லவில்லை, தம்பி.

கரிசல்மண்

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. இலை நரம்பு என்று நானே ஏழாம் வகுப்பில் பாடம் எடுத்திருக்கிறேன். அது உறைக்கவே இல்லை.

டிசெல்தாசன்

நோயெதிர்ப்பியல் ஆய்வு மாணவன். எங்கள் வீட்டுப் பங்கை யாரும் பேசவில்லையே என்று காத்திருந்தேன்.

எங்கள் துறையிலும் இந்தப் புரதம் மாறுவேடத்தில்தான் வந்தது. மனித இரத்தத்தில் பிளாஸ்மா செல் போலத் தோன்றும் ஒருவகைக் கிளைச்செல்லைப் பிரித்தெடுக்க பிடிசிஏ-4 என்ற அடையாளத்தைப் பயன்படுத்தினார்கள். அதுவும் கடைசியில் நியூரோபிலின்-1 என்று 2002இல் தெரிந்தது. அதே வருடம் பாரிஸ் குழு ஒன்று, கிளைச்செல் புதிதாக டி செல் என்ற இன்னொரு நோயெதிர்ப்புச் செல்லுக்குப் பகைவனை அறிமுகப்படுத்தும்போது இரண்டின் மேலும் நியூரோபிலின்-1 இருப்பதையும், அதைத் தடுத்தால் டி செல் பெருகுவது குறைவதையும் காட்டியது. நரம்புச் செல்கள் சந்திக்கும் இடத்தைப் போலவே நோயெதிர்ப்புச் செல்கள் சந்திக்கும் இடத்தையும் சினாப்ஸ் என்றுதான் சொல்கிறோம். பெயர் மட்டுமல்ல, சாமான்களும் பொது.

எனக்குப் பிடித்தது கட்டுப்படுத்தும் டி செல்களின் கதை. இவை நோயெதிர்ப்பு எல்லை மீறாமல் அடக்கிவைப்பவை. புற்றுக்கட்டிக்குள் இவை புகுந்துகொண்டு, கட்டியைத் தாக்க வரும் செல்களையும் அடக்கிவிடும். 2013இல் டாரியோ விக்னாலியின் குழு, எலிகளில் இந்தச் செல்களின் மேல் இருக்கும் நியூரோபிலின்-1ஐ மட்டும் நீக்கியது. கட்டிகள் அடங்கின. ஆனால் உடல் தன்னைத்தானே தாக்கும் நோய் எலிகளுக்கு வரவில்லை. கட்டிக்குள் மட்டும் காவலனின் கை தளர்ந்தது, ஊருக்குள் தளரவில்லை. அங்கே நியூரோபிலினோடு கைகோத்தது செமாஃபோரின் 4ஏ. இதைவிடப் புற்றுநோய் மருந்துக்கு வேறு என்ன வேண்டும்?

வெண்தந்துகி

தம்பி, எலி என்று நீங்களே சொல்லிவிட்டு மனிதருக்கு மருந்து வரை போய்விட்டீர்கள். எலியின் கட்டுப்படுத்தும் டி செல்களில் இந்த ஏற்பி இருப்பது பொதுவழக்கம். மனித இரத்தத்தில் அப்படி இல்லை என்று 2009இலேயே எழுதிவிட்டார்கள். இந்த இடத்தில் உங்கள் துறை கொஞ்சம் அவசரப்படுகிறது.

டிசெல்தாசன்

இரத்தத்தில் இல்லை என்பது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனிதக் கட்டிகளுக்குள்ளிருந்து எடுத்த அதே வகைச் செல்களில் ஒரு பகுதியின் மேல் இருக்கிறது. மனிதருக்கு அது எப்போதும் அணியும் சீருடை அல்ல, கட்டிக்குள் நுழைந்தால் போட்டுக்கொள்ளும் சட்டை. மருந்துக்கு அதுதானே நல்லது? இரத்தம் முழுவதும் இருப்பதைத் தடுப்பதைவிட, கட்டிக்குள் இருப்பதைத் தடுப்பது பாதுகாப்பு அல்லவா?

இரவுப்பணி

புற்றுநோய்ப் பிரிவில் செவிலியர். "நரம்பே கிடைக்கவில்லை" என்று நானும் தினம் நாலு முறை சொல்கிறவள்தான்.

பாதுகாப்பு என்றதும் ஒன்று கேட்கத் தோன்றியது. விஇஜிஎஃபைத் தடுக்கும் பெவசிசுமாப் ஊசியை நாங்கள் ஏற்றுகிறோம். ஒவ்வொரு முறையும் மருந்து ஏற்றுவதற்கு முன் இரத்த அழுத்தம் பார்ப்போம், சிறுநீரில் பட்டையை நனைத்துப் புரதம் போகிறதா என்று பார்ப்போம். பட்டை கரும்பச்சையானால் மருத்துவரிடம் காட்டாமல் தொடங்க மாட்டோம். ஏன் சிறுநீரகம் என்று ஒரு மருத்துவரிடம் கேட்டபோது, வடிகட்டும் நுண்குழாய்கள் உயிரோடிருக்கவே விஇஜிஎஃப் தினமும் வேண்டும், பக்கத்துச் செல்கள் அதைச் சுரந்து ஊட்டிக்கொண்டே இருக்கின்றன என்றார். கட்டியின் குழாயைப் பட்டினி போட்டால் சிறுநீரகத்தின் குழாயும் சேர்ந்து பட்டினி கிடக்கிறது. நியூரோபிலினைத் தடுத்தால் இப்படி ஏதாவது வராதா?

வெண்தந்துகி

இரவுப்பணி அம்மா, நீங்கள் கேட்டது நடந்தே விட்டது. நியூரோபிலின்-1ஐத் தடுக்கும் ஆன்டிபாடி ஒன்றை ஜெனன்டெக் நிறுவனம் தயாரித்தது. எலிகளில் விஇஜிஎஃப் தடுப்போடு சேர்த்துக் கொடுத்தபோது கட்டி வளர்ச்சி இன்னும் குறைந்தது. 2007இல் வந்த அந்தக் கட்டுரையை நாங்கள் கொண்டாடிப் படித்தோம். மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனைக்குப் போனது. பெவசிசுமாப்போடு சேர்த்துக் கொடுத்தபோது சிறுநீரில் புரதம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலானோருக்குப் போனது. அந்த இணையை மேற்கொண்டு சோதிக்க வேண்டியதில்லை என்று 2014இல் ஆய்வாளர்களே எழுதி முடித்தார்கள். வடிகட்டியைச் சுற்றியிருக்கும் செல்களின் மேலும் நியூரோபிலின் இருக்கிறது.

டிசெல்தாசன்

அது குழாயைக் குறிவைத்த மருந்து, அக்கா. நான் சொன்னது டி செல். 2020இல் வந்த வேலை ஒன்று, கட்டியைத் தாக்கும் டி செல்களின் நீண்டகால நினைவாற்றலுக்கே நியூரோபிலின்-1 கடிவாளம் போடுகிறது என்று காட்டுகிறது. அதை நீக்கிய எலிகளில், கட்டியை அறுத்தெடுத்த பிறகு அதே கட்டியை மறுபடி வைத்தாலும் உடல் அதை நினைவில் வைத்து எதிர்த்தது.

வெண்தந்துகி

ஊசியில் ஏற்றும் ஆன்டிபாடிக்கு நீங்கள் எந்தத் துறை என்று தெரியாது. டி செல்லைத் தேடிப் போகும் வழியில் சிறுநீரகத்தையும் பார்த்துவிட்டுத்தான் போகும்.

மாடக்குளம்

சண்டைக்கு நடுவே ஒரு சொந்தக் கேள்வி. 2021 மே மாதம் கொரோனா வந்து எனக்கு மூன்று மாதம் வாசனையே தெரியவில்லை. காபித் தூளை மூக்கருகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்; மண்ணை முகர்ந்ததுபோல் இருக்கும். அப்போது யாரோ அனுப்பிய செய்தியில் இந்த நியூரோபிலின் பெயர் இருந்ததாக நினைவு. நரம்பு, மூக்கு, கொரோனா எல்லாம் பொருந்தி வருகிறதே?

டிசெல்தாசன்

பொருந்துவது போலத் தோன்றும் இடத்தில்தான் கவனம் தேவை.

கொரோனா நச்சுயிரியின் முள்புரதத்தை நம் உடலின் ஃபியூரின் என்ற நொதி ஓரிடத்தில் வெட்டும். வெட்டியதும் ஒரு துண்டின் கடைசியில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் வெளியே தெரியும். இப்படி ஆர்ஜினினில் முடியும் வால் எதைக் கண்டாலும் நியூரோபிலின்-1 பிடித்துக்கொள்ளும். விஇஜிஎஃபின் வால் முடிவதும் ஆர்ஜினினில்தான். இந்த விதியை 2009இலேயே கலிஃபோர்னியாவில் டம்பெட் டீசாலுவும் எர்க்கி ரூஸ்லாடியும் கண்டுசொன்னார்கள், கட்டிக்குள் மருந்தைக் கொண்டுபோவதற்காக. 2020 நவம்பரில் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள், முள்புரதத்தின் வெட்டுண்ட வாலையும் நியூரோபிலின்-1 பிடிக்கிறது, தொற்று அதனால் கூடுகிறது என்று காட்டின. ஆனால் நச்சுயிரி செல்லுக்குள் நுழையும் கதவு ஏசிஇ2 என்ற புரதம்தான். நியூரோபிலின் மட்டும் இருந்தால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆள் கைகொடுத்தது, அவ்வளவே.

உங்கள் காபிக்கு வருகிறேன். வாசனையை உணரும் நரம்புச் செல்களில் ஏசிஇ2 காணப்படுவதில்லை. அவற்றைத் தாங்கி நிற்கும் துணைச்செல்களில் இருக்கிறது. நச்சுயிரி முதலில் கெடுத்தது அந்தத் துணைச்செல்களை என்பதுதான் வலுவான விளக்கம். நரம்பு செத்திருந்தால் பலருக்கு ஓரிரு வாரங்களிலேயே வாசனை திரும்பியிருக்காது.

மாடக்குளம்

திரும்பிவிட்டது. ஆனால் இன்னும் பெருங்காயம் மட்டும் வேறு மாதிரி இருக்கிறது. மனைவி, "நல்லது, சாம்பாரில் குறை சொல்ல ஆளில்லை" என்கிறாள்.

வெண்தந்துகி

மூக்குக்கும் இந்த ஏற்பிக்கும் வேறொரு உண்மையான உறவு உண்டு; அதைச் சொல்லாமல் விட மனமில்லை. பருவமடைதலைத் தொடங்கிவைக்கும் ஹார்மோனைச் சுரக்கும் நரம்புச் செல்கள் கருவில் மூக்கில்தான் பிறக்கின்றன. அங்கிருந்து முகர்வு நரம்பிழைகளைப் பிடித்துக்கொண்டே நடந்து மூளைக்குள் போகின்றன. செங்குவா கூவின் அந்த 2003 எலிகளில், செமாஃபோரின் பிடி கெட்டவற்றில், இந்தச் செல்கள் பாதி வழியில் நின்றுவிட்டன. மனிதரில் கால்மன் நோய் என்று ஒன்று இருக்கிறது. பருவமும் வராது, வாசனையும் தெரியாது. அந்த நோயாளிகள் சிலரிடம் செமாஃபோரின் 3ஏ மரபணுவில் மாற்றங்கள் இருப்பதை 2012இல் கண்டார்கள். உங்கள் மாணவிக்கு இதைச் சொல்லுங்கள், கரிசல்மண். தேர்வுக்கு வராது, மறக்கவும் மாட்டாள்.

கரிசல்மண்

இன்று சொன்னேன். தரகர் கதை, கைகாட்டி மரம், மூக்கிலிருந்து நடந்து போகும் செல்கள், எல்லாம். இரத்தக்குழாய்ப் பகுதிக்கு வந்தபோது, பழைய படத்தை வரைந்து அதன் மேல் பெருக்கல் குறி போட்டு, 2014 என்று எழுதினேன். அவள் கேட்ட அடுத்த கேள்வி: "விஇஜிஎஃப் பிடி கருவுக்கு வேண்டாம் என்றால் அந்தப் பிடியை இயற்கை ஏன் வைத்திருக்கிறது சார்?" முகத்தசை நரம்புச் செல்லையும் விழித்திரையையும் சொல்லிச் சமாளித்தேன். முழு பதில் என்று அவள் முகம் ஒப்புக்கொள்ளவில்லை.

வெண்தந்துகி

என் ஆய்வகத்தில் இடம் இருக்கிறது என்று சொல்லுங்கள். ஐந்து வருடம் கழித்து வரட்டும்.

இரவுப்பணி

இந்த உரையாடலைப் படித்துவிட்டு நேற்று இரவு ஒரு பெரியவரிடம், "ஐயா, சிரை சரியாகத் தெரியவில்லை, கையை மடக்கி விரியுங்கள்" என்றேன். அவர் பதறி எழுந்து உட்கார்ந்து, "யாரைச் சிரைக்கப் போகிறீர்கள்?" என்றார். "நரம்பு ஐயா, நரம்பு" என்றதும் படுத்துக் கையை நீட்டிவிட்டார். முதல் குத்தலிலேயே கிடைத்துவிட்டது.